இடது தோளுக்கு மாறிய துப்பாக்கி

துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது நான் இல்லை, என் மகள். அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். டி.வி.யில் ஏதோ ஒரு போட்டியில் பெண்கள் பதக்கம் வாங்குவதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், "நானும் சுடப் போறேன்" என்றாள். என் கணவர் திருமங்கலத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். மகள் கேட்டு அவர் மறுத்ததாகச் சரித்திரமே கிடையாது. "சேத்து விடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். அவளை ஸ்கூட்டரில் வைத்து அழைத்துப் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

சமயநல்லூர் தாண்டி, நான்குவழிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் இருந்தது அந்தத் துப்பாக்கி சுடும் ரேஞ்ச். முன்பு நூல் கிடங்காக இருந்த நீளமான தகரக் கொட்டகை. பக்கத்தில் வாழைத்தோட்டம். உள்ளே போனால் ஒரு கோடு; அந்தக் கோட்டில் நின்றுதான் சுட வேண்டும். பத்து மீட்டர் தள்ளி எதிர்ச்சுவரில், விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக வெள்ளை அட்டைகள். ஒவ்வொரு அட்டையின் நடுவிலும் ஒரு கறுப்பு வட்டம். அந்த வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள் போய், கடைசியில் மையத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் பத்து. சினிமாவில் கேட்கும் வெடிச்சத்தமெல்லாம் இல்லை. காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கி என்பதால் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

மகள் சுடுவாள். நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரிப்பேன்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "ஒரே எடத்துல செல மாதிரி நிக்கணும்மா. எனக்கு ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக் கோகோ அணியில் சேர்ந்துவிட்டாள். சொல்லாமல் நிற்பது மரியாதை இல்லை என்று, தகவல் சொல்ல நான் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்குப் போனேன்.

அங்கே பயிற்சி கொடுத்தது இருபத்தைந்து, இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கல்லூரியில் என்.சி.சி.யில் சுடப் பழகி, போட்டிகளுக்குப் போய், பிறகு இங்கேயே கோச்சாக வந்துவிட்டவள். ஒல்லியான உடம்பு, கட்டையான குரல்.

"அப்ப பாப்பா இனிமே வரமாட்டாளாக்கா?" என்றாள்.

"வரமாட்டா தாயி. சொல்லிட்டுப் போகலாம்னுதேன் வந்தேன்."

"வந்தது வந்தீங்க. நீங்க ஒரு தடவ பிடிச்சுப் பாருங்களேன்."

"நானா? எனக்கு நாப்பத்து மூணு வயசு."

"அதுக்கென்ன? இங்க அறுவது வயசுல ஒரு வக்கீல் வந்து சுட்டுக்கிட்டிருக்காரு." பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நானும் கவனிச்சுக்கிட்டேதேன் இருந்தேன். இம்புட்டு நாளும் உங்க கண்ணு பாப்பா மேல இல்லக்கா. அட்டை மேலதேன் இருந்துச்சு."

அது உண்மைதான். மகள் சுடும் ஒவ்வொரு குண்டும் எங்கே விழுந்திருக்கும் என்று மனதுக்குள் ஊகித்துக்கொண்டே இருப்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

துப்பாக்கியை வாங்கியதும் முதலில் தெரிந்தது கனம். மகள் அதை எப்படித் தூக்கினாள் என்று வியந்தேன். குழல் எப்போதும் எதிர்ச்சுவரைத்தான் பார்க்க வேண்டும், குறி பார்த்து முடிக்கும்வரை விரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று முறை சொல்லவைத்த பிறகுதான் கோச் குண்டு போட்டுக் கொடுத்தாள். பெல்லட் என்று சொல்லும் அந்த ஈயக்குண்டு நெல்மணியைவிடச் சின்னது. ஐந்து குண்டு சுட்டேன். பொத்தானை அழுத்தினால் அட்டை கம்பியில் ஓடி நம்மிடம் வரும். வந்தது. ஒரு குண்டு வெள்ளை ஓரத்தில் பட்டிருந்தது. மற்ற நான்கும் எங்கே போயின என்று தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற வக்கீல் எட்டிப் பார்த்தார். "பரவால்லம்மா. நாலு கொசு செத்திருக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது கண் முன்னால் அந்தக் கறுப்பு வட்டமே நின்றது. காளவாசல் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் கை நீட்டிச் சீட்டைக் கொடுப்பார்கள். ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசுவார்கள், நடுவில் போன் அடிக்கும், வெளியே பஸ்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கமாட்டான். எத்தனையோ வருடமாகக் காது அப்படியே பழகிப்போயிருந்தது. அன்றைக்கு அந்தக் கோட்டில் நின்ற கொஞ்ச நேரம், உலகத்தில் ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது. அது எனக்கு வேண்டும் என்று தோன்றியது. மகளுக்குப் பதிலாக நான் சேர்ந்துகொண்டேன்.

சேதி பரவ வெகுநேரம் ஆகவில்லை. மருந்துக்கடை முதலாளி, "யாரைம்மா சுடப் போறீங்க? கடன் சொல்லி வாங்குறவங்களையா?" என்று கேட்டார். கணவரின் கடைக்கு வரும் கூட்டாளி ஒருவர், "மாப்ள, இனிமே வீட்டுக்கு நேரத்தோட போயிரு. லேட்டாப் போனா சுட்டுப்புடப் போகுது தங்கச்சி" என்றாராம். கணவர் அங்கே அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நீ போறதுன்னா போ. நான் வேணாங்கல. ஆனா பாக்குறவுககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார்.

"நான் யாருகிட்ட சொன்னேன்? நீங்கதேன சொல்லியிருக்கீக?"

அவர் எழுந்து போய் டி.வி.யைப் போட்டுக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றது. பதக்கம் வாங்கி வந்து மூஞ்சியில் காட்ட வேண்டும் என்றெல்லாம் வீராப்பு வந்தது. வீராப்பு வந்து என்ன செய்ய? அட்டையில் குண்டு விழ வேண்டுமே.

விழவில்லை. புதன்கிழமை எனக்கு வார விடுமுறை; அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் போனேன். நிற்கிற முறை வந்துவிட்டது. நாள் முழுக்கக் கல்லாவுக்குப் பின்னால் நின்று பழகிய கால், அசையாமல் நின்றது. மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்படியே நிறுத்தி, விசையை மெல்ல அமுக்குவதும் வந்துவிட்டது. ஆனாலும் குண்டுகள் எள்ளை விசிறியதுபோல அட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தன. எனக்குப் பிறகு சேர்ந்த கல்லூரிப் பிள்ளைகள் ஏழு, எட்டு என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். இடது கண்ணை இறுக்கி மூடி வலது கண்ணால் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வரும்போது தலை விண்ணென்று தெறிக்கும். இடது கண்ணுக்கு முன்னால் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டாள் கோச். அப்போதும் கறுப்பு வட்டம் குளத்துத் தண்ணீரில் தெரிவதுபோலக் கலங்கிக்கொண்டே இருந்தது.

விட்டுவிடலாமா என்று நினைத்த நாளும் உண்டு. அப்படி ஒரு நாளில்தான் கோச் என்னை ஓரமாக அழைத்தாள்.

"அக்கா, ரெண்டு கையையும் நீட்டுங்க. விரலச் சேத்து நடுவுல ஒரு சின்ன ஓட்டை மாதிரி வச்சு, அது வழியா அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்க. ரெண்டு கண்ணும் தெறந்திருக்கட்டும்."

பார்த்தேன். கடிகாரம் தெரிந்தது.

"இப்ப இடது கண்ண மூடுங்க."

மூடினேன். கடிகாரம் காணாமல் போய்விட்டது. வெறும் சுவர்தான் தெரிந்தது. இடது கண்ணைத் திறந்து வலது கண்ணை மூடச் சொன்னாள். கடிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"உங்களுக்கு இடது கண்ணுதேன் ஓங்கியிருக்குக்கா. மூளை அதைத்தேன் கேக்குது. நாம இம்புட்டு நாளும் அதைப் போட்டு மூடி வச்சிருக்கோம்." பிறகு ஏதோ யோசித்தவள்போல, "மாத்திரை அட்டையைக் கத்தரிப்பீங்கள்ல? எந்தக் கையால கத்தரிப்பீங்க?" என்றாள்.

வலது கையால்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். கையைக் காற்றில் வைத்து வெட்டிப் பார்த்தேன். இடது கை.

எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது. அந்த இடத்தில் நின்றபடியே பழையதெல்லாம் வந்தது. திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊர். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டுப் பலகையில் இடது கையால்தான் 'அ' போட்டேன். வாத்தியார் விரல் முட்டியில் குச்சியால் தட்டினார். வீட்டில் சோற்றில் இடது கையை வைத்தால், "பீச்சாங்கையால அள்ளாத, சனியனே" என்று அம்மா கத்துவாள். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையைப் பாவாடைக்குள் சுற்றிக்கட்டி உட்காரவைத்த நாட்களும் உண்டு. கொஞ்ச நாளில் எல்லாம் வலது கைக்கு வந்துவிட்டது. எழுத்து, சாப்பாடு, கரண்டி, விளக்குமாறு. இடது கை பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. யாரும் பார்க்காத கத்தரிக்கோலை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது போலிருக்கிறது.

"நீங்க பொறவியில இடதுகைக்காரங்கக்கா" என்றாள் கோச். "மாத்திருவோம்."

பீரோவைத் திறந்து, யாரும் எடுக்காத பழைய துப்பாக்கி ஒன்றை எடுத்தாள். அதன் மரக்கட்டை இரண்டு தோளுக்கும் பொருந்தும்படி செதுக்கியது. தூசியைத் துடைத்துக் கொடுத்தாள். கட்டையை இடது தோளில் பதித்தேன். வலது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றித் துப்பாக்கியைத் தாங்கினேன். இடது கன்னத்தை மரத்தில் சாய்த்தேன். கால் வைப்பதுகூடத் தலைகீழாக மாறியிருந்தது. தடுமாறித்தான் நின்றேன்.

ஆனால் துப்பாக்கியின் மேல் குறி பார்க்க வைத்திருக்கும் சின்ன வளையத்துக்குள் இடது கண்ணால் பார்த்தபோது கறுப்பு வட்டம் கலங்காமல், மை உலர்ந்த முத்திரை மாதிரி நின்றது.

ஐந்து குண்டு சுட்டேன். அட்டை ஓடி வந்தது. மையத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இடப்பக்கம் மேலே போயிருந்தன. நான் உதட்டைப் பிதுக்கினேன். கோச் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாள்.

"அக்கா, நல்லாப் பாருங்க! அஞ்சும் ஒரே எடத்துல விழுந்திருக்கு. மேல ஒரு ரூபாய்க் காசை வச்சா மறைஞ்சுபோகும். மையத்துக்குக் கொண்டார்றது திருகாணி வேலை. அத நான் திருப்பி விட்டுருவேன். இந்த மாதிரி ஒண்ணு சேந்து விழுகுறதுக்குத்தேன் எல்லாரும் கெடந்து தவிக்கிறாங்க."

வக்கீல் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டையைப் பார்த்தார். இந்த முறை கொசுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அடேயப்பா" என்றார்.

அந்த அட்டையைக் கேட்டு வாங்கி வந்து பிரிட்ஜின் மேல் காந்தம் வைத்து ஒட்டினேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்து, "இது நெசமாவே நீ சுட்டதாம்மா?" என்று கேட்டுவிட்டு அதைப் போட்டோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டிலும் பயிற்சிதான். படுக்கையறைச் சுவரில் ஒரு புள்ளி வைத்து, தண்ணீர் நிரப்பிய பாட்டில் கட்டிய கட்டையைத் தோளில் வைத்து, கை நடுங்காமல் நிற்பேன். மகள் கட்டிலில் உட்கார்ந்து, "மூக்கு அசையுதும்மா" என்று அதிகாரம் செய்வாள். ஒரு நாள் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். நான் நின்ற கோலத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் கையிலயாத்தா சுடுற?" என்றாள்.

"இந்தக் கையிலதேன்மா நல்லா வருது."

அம்மா உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "நாந்தேன் போட்டு அமுக்கிப்புட்டேன். அன்னைக்கு எங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். அடுத்த நிமிடமே, "போலீசுல சேத்துக்கிருவாகளா?" என்று கேட்டாள். இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. ஊருக்குப் போய் என்ன சொல்லியிருந்தாளோ, அடுத்த முறை நான் போனபோது பக்கத்து வீட்டுக்காரர் தன் வரப்புத் தகராறைப் பற்றி என்னிடம் மனுக் கொடுக்கிற தோரணையில் பேச ஆரம்பித்தார்.

இந்த நாட்களில்தான் கோச் இன்னொன்றைப் பழக்கினாள். சுட்டதும் அட்டையை வரவழைக்கக் கூடாது. முதலில், குண்டு எங்கே போயிருக்கும் என்று வாயால் சொல்ல வேண்டும். "விசை விடுபடுற நொடியில வட்டம் எங்க நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியும்க்கா. நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சே ஆகணும்" என்பாள். முதலில் குருட்டாம்போக்கில் சொன்னேன். போகப் போக அது பிடிபட்டது. "ஒம்பது, மேல" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்குவேன். அட்டை வந்தால் ஒன்பது, மேலே. பத்து அடிப்பதைவிட அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் கை செய்வது எனக்குத் தெரிகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

மாவட்ட அளவில் ஒரு போட்டி வந்தது. புதியவர்கள் பிரிவில் என் பெயரைக் கோச்சே கொடுத்துவிட்டாள். அதில் குறிப்பிட்ட புள்ளிகளைத் தாண்டினால் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

அன்று காலை கணவர் கடையைத் திறக்கப் போகவில்லை. "திருமங்கலத்துல இன்னைக்கி என்ன பெரிய யாவாரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டையைப் போட்டுக்கொண்டு எங்களோடு கிளம்பினார்.

போட்டி நடந்த கூடத்தில் என் வயதுக்கு யாரும் இல்லை. என் இரு பக்கமும் கல்லூரிப் பெண்கள். சுடுபவர்கள் உடம்பு அசையாமலிருக்கப் போடும், பட்டாளத்துப் போர்வைபோல விறைத்த கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கோட்டில் நின்றேன். நெஞ்சு அடிப்பது துப்பாக்கியின் நுனியில் தெரிந்தது. வட்டம் துள்ளிக்கொண்டே இருந்தது. முதல் சில குண்டுகள் ஏழும் எட்டுமாகப் போயின. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். மருந்துக்கடையில் கூட்டம் முட்டும்போது நான் செய்வது ஒன்று உண்டு: எல்லோரையும் விட்டுவிட்டுக் கையில் இருக்கும் ஒரு சீட்டை மட்டும் படிப்பேன். அதையே செய்வோம் என்று எழுந்தேன். ஒரு குண்டு. அதற்கு அடுத்தது என்று ஒன்று இல்லை. ஒன்பது வந்தது. பத்து வந்தது. இன்னொரு பத்து வந்தது.

பாதியைத் தாண்டியபோது ஒரு குண்டில் விரல் அவசரப்பட்டுவிட்டது. விடுபட்ட நொடியிலேயே தெரிந்தது: எட்டு, வலப்பக்கம் கீழே. சலித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். அட்டை வந்தது. போட்டியில் ஒரு அட்டைக்கு ஒரு குண்டுதான்; அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

ஒன்று வலப்பக்கம் கீழே, எட்டில். இன்னொன்று நட்ட நடுவில், பத்தில்.

கை தூக்கினேன். நடுவர் வந்தார். பக்கத்துப் பெண்ணின் அட்டை வெறுமையாக இருந்தது. அவள் பதற்றத்தில் தன் அட்டைக்குப் பதிலாக என் அட்டையைச் சுட்டிருக்கிறாள். அவளுக்கு அந்தக் குண்டு கணக்கில் வராது. முகம் செத்துப்போய், "சாரி ஆன்ட்டி" என்றாள்.

நடுவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரெண்டுல எது உங்களோடதுன்னு தெரியலேன்னா, கூடுன பாயிண்டையே உங்களுக்குப் போடணும்மா. விதி அப்படித்தேன். பத்து போட்டுறவா?"

கேட்டதும் ஒரு கணம் ஆசை வரத்தான் செய்தது. தெரியவில்லை என்று நான் சொன்னால் போதும், ஒருவரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. அட்டை வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே இத்தனை மாதமாக நின்றேன்?

"எனக்குத் தெரியும் சார். என்னோடது எட்டு. வெரல இழுத்துட்டேன்" என்றேன்.

நடுவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எட்டு என்று குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வட்டம் துள்ளவில்லை. ஏன் என்று என்னால் விளக்க முடியாது. மீதிக் குண்டுகளை, என் வீட்டு முற்றத்தில் நின்று சுடுவதுபோல நிதானமாகச் சுட்டு முடித்தேன்.

முடிவு ஒட்டினார்கள். நான்காவது இடம். மூன்றாம் இடத்துக்கும் எனக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். மகள் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அம்மா, அந்தப் பத்த வாங்கியிருந்தா உனக்கு மெடலு!" என்று கூவினாள்.

"அது என் பத்து இல்லடி" என்றேன்.

கோச் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தாள். "மெடல விடுங்கக்கா. மாநிலப் போட்டிக்கு வேண்டிய புள்ளியைத் தாண்டிட்டீங்க, பாத்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவே இல்லை. அவள் சொன்ன பிறகு மறுபடி போய், என் பெயருக்கு நேராக விரலை வைத்துப் பார்த்தேன். தாண்டித்தான் இருந்தேன்.

என் கணவர் அதுவரை தூணோரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனபோதுதான் என்ன பேசுகிறார் என்று காதில் விழுந்தது. "ஆமா மாப்ள, ஸ்டேட்டுக்குப் போறா... அட, நம்ம வீட்ல ஒரு பொம்பள துப்பாக்கி பிடிக்கிறான்னா சும்மாவா? நீ கடைக்கு வா, நேர்ல சொல்றேன்." என்னைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பசிக்குதா?" என்றார்.

"எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதீக" என்றேன்.

"நான் சொல்லாம வேற யாரு சொல்றது?" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மடல் வரை சிவந்திருந்தது.

மாநிலப் போட்டிக்குத் திருச்சிக்குப் போனோம், நானும் கோச்சும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினோம். துப்பாக்கிப் பெட்டி நீளமாக, கறுப்பாக இருக்கும். மேலே வைக்க இடம் போதவில்லை. மடியில் குறுக்காகவும் வைக்க முடியாது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். டிக்கெட் போட வந்த கண்டக்டர் அதை மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

"என்னம்மா இது, வீணையா?"

முன்பாக இருந்தால், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். அன்றைக்கு வாய் அதுவாகவே திறந்தது.

"இல்லண்ணே. துப்பாக்கி. போட்டிக்குப் போறேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பேச்சுச் சத்தம் நின்று பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்சீட்டில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். "நீங்களா சுடுவீக?"

"நாந்தேன் சுடுவேன்."

"அப்படிப் போடுங்க" என்று அவர் முன்பக்கம் திரும்பி டிரைவரிடம் குரல் கொடுத்தார்: "அண்ணே, பள்ளம் மேடு பாத்து ஓட்டுங்க. போட்டிக்குப் போற கை இருக்கு வண்டியில."

கோச் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பஸ் மேலூர் ரோட்டில் வேகம் எடுத்தது.